வெளுத்த வில்லை

மாலை நாலரை மணியானால் ஆசீர்வாதத்துக்கு ஒரு சிகரெட் வேண்டும்போல் இருக்கும். அது அவருடைய ஆசை அன்று, கொம்பையாவுடையது. அந்த நேரத்தில்தான் கொம்பையா பளுதூக்கி வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குவான். இறங்கிய கால் தரையில் படுவதற்குள் அவன் உடம்பு பழைய நினைவில் புகையைக் கேட்கும். கேட்ட மறுகணம் அந்தக் கேட்பு பங்கு பங்காகப் பிரிந்து வட்டத்தினர் அனைவருடைய கழுத்துக்கும் போய்ச் சேரும். ஆசீர்வாதம் சட்டைப்பையிலிருந்து ஒரு சுக்குத் துண்டை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, நீரேற்று அறையின் சன்னலோரம் போய் நின்று, அது கடந்து போகும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காலைக் காபிக்குப் பின் வருவது மரியபுஷ்பத்தினுடையது. மெல்லியதாக, ஊசி குத்துவதுபோல் வரும். மழை இருட்டினால் எல்லோருடையதும் சேர்ந்து வரும். தாம் புகையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், தமக்கென்று ஒரு தாகம் இன்னும் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. சந்தைக் கூட்டத்தில் சொந்தக் குரலைத் தனியாகக் கேட்க முடியாதது போலத்தான் அதுவும். சுக்கு தீர்ந்தால் வாங்குவார். சன்னலோரம் நிற்பார். வழக்கம் அவ்வளவே.

புகையை விடுவது ஒரு நாள் வேலை என்பதும், விட்டபடியே இருப்பதுதான் ஆயுள் முழுவதும் செய்யும் வேலை என்பதும் அதை முயன்றவர்களுக்குத் தெரியும். முற்காலத்தில் விட்டவர்கள் வாரம் ஒரு முறை ஏதேனும் ஒரு கூடத்தில் கூடி, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். சொல்லைப் பகிர முடிந்தால் தாகத்தையே ஏன் பகிரக் கூடாது என்று எவரோ ஒருவர் எண்ணியதன் விளைவுதான் பங்குவில்லை. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் நாணயம் போன்ற வட்டத் தகடு அது. நரம்பில் புகைத்தாகம் கிளம்பியதும் அதை உணர்ந்து, கிளம்பிய இடத்தில் தணித்து, வட்டத்தில் உள்ள எல்லா வில்லைகளுக்கும் சமமாகப் பிரித்து அனுப்பிவிடும். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு வட்டம். வட்டத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'பங்கு' என்றே அழைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி, அக்கா என்பதெல்லாம் மூத்தவர்களுக்கு.

வில்லை பயன் தந்தது. அதை மறுக்க எவராலும் முடியாது. வட்டத்தில் சேர்ந்த எவரும் சறுக்கவில்லை. சறுக்குவதற்குப் போதுமான தாகம் தனியொருவரிடம் ஒருபோதும் சேரவில்லை. ஊர்ப் பெட்டிக்கடைகளில் சிகரெட் அடுக்கியிருந்த தட்டில் கடலைமிட்டாய் உட்கார்ந்துகொண்டது. பெரிய துன்பம் எவருக்கும் இல்லாமற்போயிற்று. ஆனால் சிறிய துன்பம் எவருக்கும் ஓயவும் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்த அந்த நன்னீராலையில், உப்புநீரைக் குடிநீராக்கும் அத்தனை பேரும் எப்போதும் முக்கால் தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்களைப் போல் நடமாடினார்கள். எதற்கென்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாத களைப்பு அது.

அந்த ஆலை வட்டத்தின் தலைவர் ஆசீர்வாதம். இதயத்தில் குழாய் வைத்த மருத்துவர், "இனி ஒண்ணு பத்தவச்சா எங்கிட்ட வராதீங்க. நேரா கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருங்க" என்று சிரிக்காமல் சொல்லியிருந்தார். ஆகவே வட்டம் அவருக்குச் சங்கம் அன்று, மூச்சு. அதைக் காப்பதில் அவர் கண்டிப்பானவராக இருந்ததில் வியப்பில்லை. அந்தக் கண்டிப்பில்தான் பங்குனி மாதத்தில் அவர் ஒரு தவறு செய்தார்.

*

உள்ளிருந்து தாகம் புறப்பட்டுக்கொண்டிருக்கும்வரை வில்லை சிவப்பாக இருக்கும். எல்லோருடைய வில்லையும் எப்போதும் சிவப்புதான். உவர்வாயில் வேலை பார்த்த இசக்கியப்பனின் வில்லை மட்டும் மெல்ல மெல்ல ரோஜா நிறமாகி, பிறகு சங்கு நிறமாகி, ஒரு நாள் முற்றிலும் வெளுத்துவிட்டது. அப்படியொரு வில்லையை அதற்கு முன் எவரும் பார்த்ததில்லை.

உவர்வாய் என்பது, குடிநீரைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கடும் உப்புநீரைக் கடலுக்கே திருப்பி விடும் இடம். தடித்த கற்காரைச் சுவரும் உப்புச் சாரலும் சூழ்ந்திருப்பதால் வில்லையின் அலை அங்கே எட்டாது. ஒருவர் அதற்குள் போனால் மற்றவர்களுக்குக் காதோரம் 'பொட்' என்று ஒரு சிறு ஒலி கேட்கும். தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். இசக்கியப்பனின் ஒலி அடிக்கடி கேட்டது. வால்வு திருக வேண்டிய நேரம் அல்லாத நேரங்களிலும் கேட்டது. திரும்பி வரும்போது அவருக்கு முகம் சிவந்திருக்கும், கண் கலங்கியிருக்கும்.

ஒரு பகல் சாப்பாட்டு வேளையில், கேண்டீனில், அனைவர் முன்னிலையிலும் ஆசீர்வாதம் அவரை நிறுத்திக் கேட்டார்.

"உள்ளதச் சொல்லும் வே. அங்க போயி என்ன செய்யுதீரு?"

"நான் குடிக்கல, அண்ணாச்சி."

"பின்ன தாகம் எங்க போச்சு?"

இசக்கியப்பன் மரியபுஷ்பத்தை ஒரு முறை பார்த்தார். "போயிருச்சு" என்றார்.

"போயிருச்சாம்லா!" கொம்பையா இலையை விட்டு எழுந்தே விட்டான். "பஸ் ஏறிப் போயிருச்சா, ரயிலேறிப் போயிருச்சா? நாம என்ன வேல பாக்கோம் இங்க? ஊருக்குத் தண்ணி குடுக்கோம். தண்ணி குடிச்சவனுக்குத்தான பங்கு தாகம் எடுக்காது? தாகம் இல்லைன்னா குடிச்சிருக்கான். இதுக்கு ஒரு விசாரணையா?"

அந்தப் பக்கத்தில் புகைப்பதையும் குடிப்பது என்றே சொல்வார்கள். பீடி குடித்தான், சிகரெட் குடித்தான். அந்த ஒரு சொல்லே சாட்சியாயிற்று, அதுவே தீர்ப்புமாயிற்று. கேட்டவர்கள் எல்லோருக்கும் கொம்பையா சொன்னது கணக்குப்போல் சரியாகப் பட்டது. ஆசீர்வாதத்துக்கும் பட்டது.

"வேணும்னா புகைச் சோதனை மிஷின்ல ஊதிக் காட்டுதேன்" என்றார் இசக்கியப்பன்.

"அந்த மிஷினு என்னைக்கோ பேட்டரி செத்துக் கெடக்கு. வில்லை இருக்கும்போது அதை எவன் தொட்டான்? குனியும்."

இசக்கியப்பன் குனிந்தார். ஆசீர்வாதம் அவர் பிடரியிலிருந்து வெள்ளை வில்லையைப் பிய்த்து எடுத்தார். ஒட்டியிருந்த இடத்தில் தோல் சற்று உரிந்தது. வேதிப்பொருள் கிடங்கு இருந்ததால் புகைப்பவருக்கு ஆலைக்குள் இடமில்லை என்பது விதி. வட்டத்தலைவரின் சொல்லை நம்பி நிர்வாகம் அவரை வெளியே அனுப்பிற்று. அடுத்த வாரம் அவர் பக்கத்து உப்பளத்தில் உப்பு வாருகிறார் என்று கேள்விப்பட்டார்கள். ஆறாகக் குறைந்த வட்டத்தில் ஆளுக்கு விழும் பங்கு கூடிற்று. "போனவன் நம்மளையும் சேத்துச் சுமக்க வச்சுட்டான்" என்று கொம்பையா ஏசினான்.

*

உவர்வாய் வேலைக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை வால்வைத் தாமே பார்த்துக்கொள்வதாக ஆசீர்வாதம் ஏற்றுக்கொண்டார். போகும்போது மனத்தில் இன்னொரு நோக்கமும் இருந்தது. அங்கே சிகரெட் துண்டுகள் கிடக்கும். நான்கைப் பொறுக்கி வந்து கேண்டீன் மேசையில் போட்டால், தோல் உரிந்த அந்தக் கழுத்து தம் நினைவில் வந்து வந்து நிற்பது நின்றுவிடும் என்று நினைத்தார்.

சுவரைக் கடந்ததும் காதோரம் 'பொட்' என்றது. இரைச்சலோடு உப்புநீர் கடலில் விழுந்துகொண்டிருந்தது. ஆசீர்வாதம் குனிந்து பாறை இடுக்குகளில் தேடினார். கிளிஞ்சல் இருந்தது, அறுந்த தூண்டில் நரம்பு இருந்தது, துண்டு இல்லை.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் நாக்கின் அடியில் ஒரு வறட்சி. வழக்கமான பங்குதான் என்று எண்ணி, சுக்குக்காகப் பையில் கைவிட்டார். ஆனால் அது நிற்கவில்லை. நெஞ்சுக்கு இறங்கிற்று. விலாவுக்குள் எவரோ வெறுங்கையால் துழாவுவதுபோல் இருந்தது. கொம்பையாவின் தாகம் இப்படி இராது. மரியபுஷ்பத்தினுடையதும் இப்படி இராது. இது தம்முடையது. இத்தனை ஆண்டுகளும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது, போக வழியில்லாமல் இன்று முழுசாக நின்றது. உள்ளங்கை வியர்த்தது. கண் கலங்கிற்று. அவர் மறுபடியும் பாறை இடுக்கில் குனிந்து தேடினார். சாட்சிக்காகத் தேடுகிறோமா, பற்றவைப்பதற்காகத் தேடுகிறோமா என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு நனைந்த துண்டு கிடைத்திருந்தால் அன்று அவர் கதை வேறாகியிருக்கும்.

நிமிர்ந்தவர், விழுந்துவிடாமல் இருக்க, ஓரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார். பிடித்தபடியே நின்றார். தாகம் ஏறிற்று, இதற்குமேல் ஏற இடமில்லை என்னும் அளவுக்கு ஏறிற்று, பிறகு, எவரும் ஒன்றும் செய்யாமலேயே, மடங்கிச் சரிந்தது. கரையேறிய அலை தானாகத் திரும்புவதுபோல் வந்த வழியே போய்விட்டது.

அதன்பின் ஒரு நிசப்தம். ஆசீர்வாதம் தம் உடம்புக்குள் காது கொடுத்துக் கேட்டார். எதுவும் எதையும் கேட்கவில்லை. அந்த அமைதியை அவர் மறந்தே போயிருந்தார். பழைய நண்பனை வழியில் சந்தித்துப் பெயர் நினைவுக்கு வராமல் தவிப்பவரைப் போல் சிறிது நேரம் திகைத்து நின்றார்.

கையை எடுத்தபோதுதான் கம்பியைப் பார்த்தார். கம்பி முழுவதும் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. அவர் பற்றியிருந்த இடத்தில் மட்டும், இரண்டு கையளவுக்கு, தேய்ந்து தேய்ந்து வெள்ளிபோல் மின்னிற்று. ஒரு நாளில் பிடித்துத் தேய்ந்ததன்று அது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முழுசாக வரும் தாகம் அலை. எழும், உடையும், போகும். பங்கு போட்ட தாகமோ ஏழு குட்டையில் தேங்கிய நீர். உடையும் அளவுக்கு எந்தக் குட்டையிலும் உயரம் இல்லை. ஆகையால் அது வற்றுவதே இல்லை. இசக்கியப்பன் தம் தாகத்தை எவருக்கும் அனுப்பாமல் இங்கே கொண்டுவந்து, இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அலையாக உடைத்துத் தீர்த்திருக்கிறார். தீர்ந்துபோனதால் வில்லை வெளுத்தது. குடிக்காமலும் தாகம் தீரும் என்பது அந்த ஆலையில் எவருக்கும் தோன்றவில்லை.

*

அன்றே வட்டத்தை நீரேற்று அறையில் கூட்டி ஆசீர்வாதம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நாம அவர அநியாயமா வெளிய தள்ளிட்டோம்" என்றார் மரியபுஷ்பம். ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதிப்பவர். வீட்டில் தாயார் படுத்த படுக்கை. இரவெல்லாம் விழித்த கண் அவருக்கு எப்போதும் பஞ்சடைந்தே இருக்கும்.

"நீங்களும் ஒவ்வொருத்தரா அங்க வரணும். நான் கூட நிக்கேன்" என்றார் ஆசீர்வாதம்.

"முழுசாவா?" கொம்பையா பின்வாங்கினான். "அண்ணாச்சி, ஆறுல ஒரு பங்கு வந்தாலே எனக்குக் கையி நடுங்குது. முழுசு வந்துச்சுன்னா கம்பியப் பிடிக்க மாட்டேன், கடைக்குத்தான் ஓடுவேன். உங்களுக்கு ஒரு நாள் தப்பிச்சிருச்சு, விடுங்க." பிறகு ஏதோ வழி பிடிபட்டவன்போல் முகம் தெளிந்தான். "ஆனா ஒண்ணு. அவருக்கு இப்ப சொந்தத் தாகமே இல்லைன்னுதான சொல்லுதீய? காலிப் பாத்திரம். அப்ப அவரு நெறய தாங்குவாருலா? ஆலைக்குத் திரும்பக் கூப்பிடுவோம். வில்லைய மூணு பங்குக்கு வச்சு மாட்டிருவோம். அவருக்கும் வேல கெடச்ச மாதிரி ஆச்சு, நமக்கும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி ஆச்சு."

மற்ற மூவரின் முகத்திலும் ஓர் ஒளி வந்தது. ஆசீர்வாதம் மரியபுஷ்பத்தைப் பார்த்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன், அண்ணாச்சி" என்றார் அவர் தரையைப் பார்த்தபடி. "ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நிம்மதியா உறங்கினாப் போதும் எனக்கு."

அவர்கள் கெட்டவர்கள் அல்லர், களைத்தவர்கள். களைத்தவர்களின் நியாயம் எப்போதும் மிக அருகில் கிடப்பதையே எடுத்துக்கொள்ளும். ஆசீர்வாதமும் களைத்தவர்தாம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு என்று மரியபுஷ்பம் திருத்தியமைத்துக் கொடுத்த வில்லையை அவர் கைக்குட்டையில் முடிந்து வாங்கிக்கொண்டார்.

*

உப்பளத்தில் வெயில் தரையிலிருந்தும் அடித்தது. பாத்திகளின் நடுவே இசக்கியப்பன் நீண்ட பலகையால் உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார். ஆள் மெலிந்திருந்தார், ஆனால் ஆலையில் ஒருவரிடமும் காணாத ஒன்று அவரிடம் இருந்தது. கண்கள் முழுவதுமாகத் திறந்திருந்தன.

"வாங்க, வட்டத்தலைவரே. வேற என்னத்தப் பிய்க்கணும்? கழுத்துல இனி தோலு மட்டும்தான் இருக்கு."

ஆசீர்வாதம் வரப்பிலேயே நின்றார். "கம்பியப் பாத்தேன் வே" என்றார்.

இசக்கியப்பன் பலகையை ஊன்றிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "உங்களுக்கும் வந்துச்சாக்கும்?"

"வந்துச்சு. போச்சு." ஆசீர்வாதம் வரப்பிலிருந்து இறங்கி அருகே வந்தார். "அன்னைக்கே ஏன் வே சொல்லல? கேண்டீன்ல அத்தன பேரு மத்தியில நின்னீரே."

"என்னன்னு சொல்ல? புஷ்பக்காவுக்கு அம்மா விழுந்த புதுசு அது. எனக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பொம்பள தலையிலயும் ஒரு பங்கு விழுதேன்னு மனசு கேக்கல. அதான் எடுக்கும்போது உவர்வாய்க்குள்ள போயிருவேன். அவ்வளவுதான். அது இப்படித் தீந்துபோகும்னு நான் என்ன கனவா கண்டேன்? அத்தன பேரு முன்னால அந்தக்காவக் கைகாட்டி, 'உனக்காகத்தான் சுமந்தேன்'னு சொல்லச் சொல்லுதீயளா? நான் குடிக்கலன்னு ஒரு தடவ சொன்னேன். ஒரு தடவைக்கு நம்பாதவரு ஒம்பது தடவ சொன்னா மட்டும் நம்பவா போறீய?"

இசக்கியப்பன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். இருவரும் உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"எம் மகளுக்குப் பிள்ளை இருக்கான்லா, அவனுக்கு ஒரு கதை சொல்லுவேன்" என்றார் இசக்கியப்பன். "ஒரு காட்டுல மான் கூட்டம். புலி வந்தா எல்லா மானும் நடுங்கும், ஓடும், புலி போனப்புறம் புல்லு மேயும். இதுல புத்தியுள்ள மானு ஒண்ணு, 'எதுக்கு எல்லாரும் மொத்தமா நடுங்கணும்? பயத்தப் பங்கு போட்டுக்கிடுவோம். நாழிகைக்கு ஒருத்தர் பயப்படுவோம்'னு சொல்லிச்சு. எல்லாத்துக்கும் பிடிச்சுப்போச்சு. அன்னையிலருந்து பகலும் ராத்திரியும் எந்நேரமும் கூட்டத்துல ஒரு மான் நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. அதப் பாத்துப் பக்கத்து மான் மேயாது. அதப் பாத்து அடுத்தது மேயாது. கடைசில புலி வந்தப்ப, ஓடுறதுக்கு ஒண்ணோட காலுலயும் வலு இல்ல."

"புலி தின்னுட்டாக்கும்?"

"அது பேரனுக்குச் சொல்ல மாட்டேன். புலிக்கே எலும்பப் பாத்துப் பாவமாப்போயித் திரும்பிருச்சுன்னு முடிச்சிருவேன்."

ஆசீர்வாதம் சிரித்தார். சிரித்துப் பல நாளாயிற்று என்பது கன்னம் வலித்தபோது தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் வந்த காரியத்தைச் சொன்னார்: ஆலைக்குத் திரும்ப அழைக்கிறார்கள்; மூன்று பங்கு; கொம்பையாவின் கணக்கு; மரியபுஷ்பத்தின் ஒரு வாரத் தூக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை.

இசக்கியப்பன் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் நன்னீராலையின் குழாய்கள் வெயிலில் நெளிந்தன.

"மூணா?" என்றார்.

"மூணு."

"குடிச்சான்னு தள்ளிவிட்டீய. குடிக்கலன்னு தெரிஞ்சதும் மூட்ட தூக்கக் கூப்பிடுதீய. தாகம் இல்லாமப்போனா இந்த ஊர்ல ஒரு மனுசன் சும்மா இருக்கக் கூடாது போல." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் ஆசீர்வாதத்துக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. இசக்கியப்பன் துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கமாகக் குனிந்தார். "சரி, மாட்டுங்க. அந்தக்கா உறங்கட்டும்."

குனிந்த கழுத்தில், உரிந்த தோல் ஆறிய வடு வட்டமாகத் தெரிந்தது. இரண்டாம் முறையும் அந்தக் கழுத்து தம் சொல்லுக்குக் குனிந்திருக்கிறது என்று ஆசீர்வாதம் எண்ணினார். முதல் முறை தெரியாமல் செய்தோம். இந்த முறை தெரிந்தே செய்யப் போகிறோம். கைக்குட்டை முடிச்சில் வைத்த விரலை எடுத்துவிட்டார்.

"நிமிருங்க வே" என்றார். "மேல சட்டையப் போடுங்க. எங்கூட வாங்க."

*

முதலில் நிர்வாக அலுவலகத்துக்குப் போய், தாம் கொடுத்த சொல் பிழையானது என்றும், இசக்கியப்பன் புகைத்ததற்கு எந்தச் சாட்சியும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்றும் சொன்னார். இசக்கியப்பன் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் பிழையான சொல் கொடுத்தவர் வட்டத்தலைவராக நீடிக்க முடியாது என்றார்கள். சரி என்றார். அங்கிருந்து இசக்கியப்பனை நேரே கேண்டீனுக்கு அழைத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு வேளை, இலைகள் விழுந்திருந்தன, முன்பு பார்த்தவர்கள் அனைவரும் இருந்தார்கள்.

"கொஞ்சம் எல்லாரும் கேளுங்க" என்றார் ஆசீர்வாதம். "இவரு குடிக்கல. தாகத்த யாருக்கும் குடுக்காமத் தானே சுமந்து தீத்திருக்காரு. தெரியாம நான் இவர இதே எடத்துல குனிய வச்சு, உங்க எல்லாரு முன்னாலயும் அவமானப்படுத்தினேன். தப்பு என்னோடது. கொம்பையா பேசினான், நீங்க நம்பினீய, ஆனா பிய்ச்சது என் கை." பிறகு இசக்கியப்பன் பக்கம் திரும்பினார். அதுவரை கூட்டத்துக்குச் சொல்வது எளிதாக இருந்தது. ஒருவருக்குச் சொல்வது கடினமாக இருந்தது. "மன்னிச்சிருங்க" என்றார்.

ஒரு கரண்டி எங்கோ கீழே விழுந்தது. கொம்பையா தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரி, அண்ணாச்சி. எம் மேலயும் தப்புதான். ஆனா..." அவன் இசக்கியப்பனின் வெறுங்கழுத்தை எட்டிப் பார்த்தான். "வில்லைய மாட்டலையே?"

"மாட்டல. மாட்டவும் விட மாட்டேன்."

"அப்ப எங்க கதி?" அந்தக் கேள்வியில் களவு இல்லை, பயம் இருந்தது. மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆசீர்வாதம் கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். "புஷ்பம், என் கழுத்துல இருக்கதக் கழத்திட்டு இத மாட்டு. இவருக்குன்னு வச்சிருந்த மூணு பங்கும் எனக்கு வரட்டும். என் சொந்தத் தாகத்துல ஒரு பங்கும் இனி உங்க யாருக்கும் வராது. அதுக்கு நான் கம்பிக்கிட்டப் போயிருவேன். ஆனா ஒண்ணு. நான் சுமக்கிற நாள்ல ஆளுக்கு ஒரு தடவயாவது உவர்வாய்க்கு வரணும். முழுசா வந்து நிக்கட்டும். ஓடமாட்டீய. கூட ஆள் இருக்கும்."

"நான் நிக்கேன்" என்றார் இசக்கியப்பன். பிறகு தாழ்ந்த குரலில், "வேண்டாம் அண்ணாச்சி. உங்க நெஞ்சு தாங்காது. டாக்டர் சொன்னத மறந்துட்டீயளா?"

"உங்க பேரக் கெடுத்த நெஞ்சுதான வே. கொஞ்சம் சுமக்கட்டும்."

மரியபுஷ்பம் எழுந்து வந்தார். "வலிக்கும்" என்றார்.

"எவ்வளவு வலிக்கும்னு எனக்கும் தெரியணும்" என்று சொல்லி ஆசீர்வாதம் குனிந்தார். தோலோடு ஒட்டியிருந்த பழைய வில்லை உரிந்து வந்தது. புதியது குளிர்ந்து படிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, ஆறு மாதம் உறங்காதவர்போல் கண்ணிரண்டும் கனக்க, மூன்று பங்குத் தாகமும் அவர்மீது வந்து இறங்கிற்று. எதிரே கொம்பையாவின் தோள்கள் தளர்ந்தன. மரியபுஷ்பம் நின்ற நிலையிலேயே ஒரு கொட்டாவி விட்டார். நல்ல தூக்கத்தின் வாசலில் வரும் கொட்டாவி அது.

ஆசீர்வாதம் நிமிர்ந்தார். தலைவருக்கென்று மேசையின் கோடியில் போட்டிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் இழுத்து இசக்கியப்பன் பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க" என்றார். "நின்னுக்கிட்டே எத்தன நேரம்?"

இசக்கியப்பன் உட்கார்ந்தார். ஆசீர்வாதம் ஓர் இலையை எடுத்து அவர் முன் விரித்து, சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.